பிசையும் பொறியும் பிசைந்த கையும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



ஆண்டு விழா மேடையில் இலக்கியம் பேசுவதும் இசை பேசுவதும் வழக்கம். மகளிர் பகுதியினர் எனக்கு இட்ட பணியோ வேறு. “நம் பிள்ளைகள் பீட்சா வேண்டும் என்று கேட்கிறார்கள். அதன் மாவை வீட்டிலேயே பிசைய ரொட்டிப் பொறி என்று ஒன்று விற்கிறார்களாம். அது நமக்கு ஏற்றதா, அதைக் கொண்டு எப்படிச் செய்வது என்று விளக்கிச் சொல்லுங்கள்” என்றார்கள். அடுப்பங்கரைச் செய்தி அரங்கத்துக்கு ஏற்றதா என்று சிலர் ஐயுறலாம். தாய்நாட்டை விட்டு வந்து வாழும் மக்கள் தம் மொழியை அடுத்து நெடுங்காலம் காத்து வருவது தம் உணவையே. ஆகவே, உணவைப் பற்றிப் பேசுவதும் சங்கப் பணியே என்று துணிந்து தொடங்குகிறேன்.

முதலில் ஒன்று சொல்ல வேண்டும். புளித்து உப்பிய மாவு நம் மட்டாஞ்சேரிக்குப் புதிய விருந்தாளி அன்று. 1500ஆம் ஆண்டில் போர்ச்சுக்கீசியர் கொச்சித் துறைக்கு வந்தனர். அவர்கள் ரொட்டியைக் குறிக்க வழங்கிய சொல்லே கோவாவிலும் மும்பையிலும் ‘பாவ்’ என்று நிலைத்தது. ஈழத்துத் தமிழர் நாவில் ‘பாண்’ என்று இன்றும் வாழ்கிறது. 1663இல் கொச்சியைக் கைப்பற்றிய ஒல்லாந்தர் முட்டையும் வெண்ணெயும் உலர்ந்த திராட்சையும் சேர்த்துச் சுடும் ‘ப்ரூடர்’ என்னும் இனிப்பு ரொட்டியை விட்டுச் சென்றனர். கோட்டைக் கொச்சியிலும் இலங்கையின் பறங்கியர் இல்லங்களிலும் அந்தப் பெயர் இன்னும் மறையவில்லை.

யூதத் தெருவை எண்ணிப் பாருங்கள். 1568இல் எழுந்த பரதேசித் தொழுகைக் கூடத்தைச் சுற்றி வாழ்ந்த மக்கள், ஓய்வுநாளுக்கென்று புளித்த மாவு ரொட்டியை வைத்துப் போற்றினர். பாஸ்கா விழா வந்தால் அதே மக்கள் வீட்டின் மூலை முடுக்கெல்லாம் துடைத்து, புளித்த மாவு ஒரு துணுக்கும் இல்லாதபடி செய்தனர். 1948இல் இஸ்ரேல் நாடு தோன்றிய பின்னர் அவர்களிற் பெரும்பாலோர் அங்கே குடியேறிவிட்டனர். தொழுகைக் கூடம் நிற்கிறது.

மலையாள மக்களின் கள்ளப்பமும் புளித்த மாவுதான். அதில் தென்னங்கள்ளில் உள்ள நுண்ணுயிர்களே அரிசி மாவை உப்பச் செய்கின்றன. வடக்கே தலைச்சேரியில் 1880இல் ரொட்டி, பிஸ்கோத்துத் தொழிற்சாலை ஒன்றைத் தொடங்கிய மம்பள்ளி பாபு, 1883இல் ஆங்கிலத் தோட்டக்காரர் ஒருவர் காட்டிய கேக்கைப் பார்த்து, உள்ளூர்ப் பழங்களிலிருந்து எடுத்த சாராயத்தைக் கொண்டே தாமும் ஒரு கேக்கைச் செய்து கொடுத்தார் என்று கூறுவர். இவற்றோடு இட்டலியும் தோசையும் கொண்டு வந்தவர் நாம். ஆகவே, புளித்த மாவு என்ற ஒன்றே இத்துறைமுகத்துக்கு வந்தவரையெல்லாம் ஒரு பந்தியில் அமர்த்துகிறது எனலாம். பீட்சா அப்பந்திக்குப் பிந்தி வந்தது, அவ்வளவே.

நிற்க, இட்டலி மாவுக்கும் பீட்சா மாவுக்கும் உள்ள வேற்றுமையைத் தெளிந்துகொண்டால் மற்றவை எளிதாகும். இட்டலி மாவைப் பொங்கச் செய்பவை பெரும்பாலும் பாக்டீரியா என்னும் நுண்ணுயிர்கள். அவை அரிசியிலும் உளுந்திலும் தாமாகவே உறைகின்றன. புளிப்பையும் தருகின்றன, காற்றையும் எழுப்புகின்றன. எழும் காற்றைப் பிடித்து வைப்பது அரைத்த உளுந்தின் கொழகொழப்பு. பீட்சா மாவைப் பொங்கச் செய்வதோ ஈஸ்ட் என்னும் பூஞ்சை இனம். நொதித்தல் என்பது உயிருள்ள நுண்ணுயிர்களின் செயல் என்பதை 1850களின் இறுதியில் பாஸ்டர் என்னும் பிரெஞ்சு அறிஞர் நிறுவினார். இந்த ஈஸ்ட் மாவிலுள்ள சர்க்கரையை உண்டு கரியமிலக் காற்றை விடுகிறது. அக்காற்றைப் பிடித்து வைப்பது கோதுமையில் உள்ள பசைப்புரதம்.

இப்பசைப்புரதம் மாவில் முன்னரே வலையாக அமைந்து கிடப்பதன்று. தண்ணீர் பட்டு, பிசையப் பிசையத்தான் அது இழை இழையாகக் கோத்து வலையாகிறது. இதற்குச் சான்று தேடி நாம் இத்தாலிக்குப் போக வேண்டுவதில்லை. பரோட்டாக் கடையில் நின்று பாருங்கள். மைதாவை அடித்துப் பிசைந்து, எண்ணெய் தடவி ஊறவைத்து, பின் வீசினால் அது கிழியாமல் துணிபோல் விரிகிறதல்லவா? அதே மாவைப் பிசைந்தவுடன் வீசினால் கிழிந்துபோகும். பிசைவதும் ஓய்வு கொடுப்பதும் ஆகிய இரண்டும் சேர்ந்தே அவ்வலையை உண்டாக்குகின்றன. பீட்சா மாவுக்கும் இதுவே இலக்கணம்.

கையால் பிசைந்தால் இதற்கு 10 முதல் 15 நிமிடம் வரை இடைவிடாது உழைக்க வேண்டும். மணிக்கட்டு வலிக்கும், மூட்டு வாதம் உள்ளவர்களுக்கு இயலாது. இங்கேதான் ரொட்டிப் பொறி துணைக்கு வருகிறது.

இப்பொறியின் அமைப்பு எளியது. ஒட்டாத பூச்சுடைய கலம் ஒன்று. அதன் அடியில் சுழலும் சிறு துடுப்பு. துடுப்பைச் சுழற்ற மின்னோடி. கலத்தைச் சுற்றிச் சூடேற்றும் கம்பி. இவற்றை நேரம் பார்த்து ஏவும் சிறிய மின்னணு மூளை. ரொட்டி முழுவதையும் அதிலேயே சுட்டு எடுக்கலாம். பீட்சாவுக்கு அது வேண்டா. ‘மாவு’ என்று குறித்த முறையை மட்டும் தேர்ந்தால் போதும். அது பிசைந்து, சற்றே ஓய்வு கொடுத்து, மீண்டும் பிசைந்து, இளஞ்சூட்டில் பொங்கவைத்து, பெரும்பாலும் ஒன்றரை மணி நேரத்தில் மணி அடித்து நம்மை அழைக்கும். சுடுவதில்லை.

இப்பொறி பிறந்த வரலாறு நாம் கேட்க வேண்டிய ஒன்று. 1985இல் சப்பான் நாட்டு ஒசாகா நகரில் மாட்சுசித்தா நிறுவனத்தின் பொறியாளர்கள் வீட்டு ரொட்டிப் பொறியைச் செய்ய முனைந்தனர். பொறி பிசைந்த மாவு சரிவரவில்லை. மேற்புறம் கருகியது; உட்புறம் வேகவில்லை. கை பிசைந்த மாவையும் பொறி பிசைந்த மாவையும் ஊடுகதிர்ப் படம் எடுத்துக்கூட ஒப்பிட்டுப் பார்த்தார்கள், விடை கிடைக்கவில்லை. அப்போது இக்குகோ தனாக்கா என்னும் பெண்மணி, அந்நிறுவனத்தில் பொறியை இயக்கும் நிரல் எழுதுபவர், ஒரு வழி சொன்னார். அந்நகரில் சிறந்த ரொட்டிக்குப் பெயர் பெற்றது ஒசாகா பன்னாட்டு விடுதி. அதன் தலைமை ரொட்டிக்காரரிடம் அவரே மாணாக்கராய்ச் சேர்ந்து மாவு பிசையப் பழகினார். அந்த ரொட்டிக்காரர் மாவை வெறுமனே அமுக்கவில்லை. தமக்கே உரிய வகையில் இழுத்து நீட்டிப் பிசைகிறார் என்பதைக் கண்டுகொண்டார். அவ்வசைவைப் பொறியில் கொண்டுவரக் கலத்தின் உட்புறத்தில் வரம்புகள் சிலவற்றை அமைத்தனர். ஓராண்டு முயற்சிக்குப் பின்னர் மாவு தேறியது. 1987இல் பொறி விற்பனைக்கு வந்தது; முதல் ஆண்டிலேயே பெருவாரியாக விற்றது.

இதை நான் விரித்துச் சொன்னதற்குக் காரணம் உண்டு. அந்த ரொட்டிக்காரரைக் கேட்டிருந்தால், தாம் எப்படிப் பிசைகிறோம் என்று அவரால் சொல்லியிருக்க முடியாது. அவர் கைக்குத் தெரிந்தது அவர் வாய்க்குத் தெரியாது. ஒருவர் அருகில் நின்று, கூடவே பிசைந்து, கண்டறிந்தபடியால் அது பொறிக்குள் புகுந்தது. இச்செய்தியை நினைவில் வையுங்கள். பின்னர் இதற்கு மீள்வேன்.

இனிச் செய்முறை. நால்வருக்கு அளவு சொல்கிறேன். மைதா 500 கிராம். தண்ணீர் 300 மில்லி லிட்டர். உப்பு 10 கிராம். சர்க்கரை ஒரு தேக்கரண்டி. எண்ணெய் இரண்டு மேசைக்கரண்டி. உடனடி உலர் ஈஸ்ட் 3 கிராம், அதாவது ஒரு தேக்கரண்டி. குளிர்நாட்டு நூல்களில் ஈஸ்ட் இதனினும் மிகுதியாகச் சொல்லியிருப்பார்கள். நம் ஊர்க் காற்றின் வெப்பத்துக்கு இதுவே போதும். தராசில் நிறுத்துக் கொள்வது நல்லது. கிண்ணத்தால் அளந்தால் மாவு அமுங்குவதற்கேற்ப அளவு மாறும்.

கலத்தில் முதலில் தண்ணீரும் எண்ணெயும், அதன்மேல் மைதா, ஒரு மூலையில் உப்பு, எதிர் மூலையில் சர்க்கரை, நடுவே மாவில் சிறு குழி செய்து அதில் ஈஸ்ட். உப்பும் ஈஸ்ட்டும் நேரே ஒன்றையொன்று தொடாதிருப்பது நலம். சில பொறிகளில் ஈஸ்ட்டை முதலில் இடச் சொல்லியிருப்பார்கள். அப்பொறியோடு வந்த குறிப்பேடு எது சொல்கிறதோ அதன்படி செய்க. மூடி, மாவு முறையைத் தேர்ந்து, பொத்தானை அழுத்துக.

அழுத்திவிட்டு அப்பால் போய்விடலாமா? முதல் 5 நிமிடம் போகக் கூடாது. இது இவ்வுரையிலே முதன்மையான செய்தி. கொச்சியில் சூன் மாதத்து மழையில் மைதா காற்றின் ஈரத்தை உறிஞ்சி வைத்திருக்கும். அப்போது 300 மில்லி லிட்டரும் ஊற்றினால் மாவு கூழாகிவிடும். ஆகவே, மழைக்காலத்தில் 20 அல்லது 30 மில்லி லிட்டரைக் கையில் நிறுத்திக்கொண்டு தொடங்குக. 5 நிமிடம் கழித்து மூடியைத் திறந்து பாருங்கள். மாவு ஒரே உருண்டையாய், கலத்தின் பக்கங்களில் ஒட்டாமல், சுழல வேண்டும். பக்கங்களில் அப்பிக் கொண்டால் ஒரு மேசைக்கரண்டி மாவு தூவுக. உருண்டை கூடாமல் உதிர்ந்து கிடந்தால் ஒரு மேசைக்கரண்டி தண்ணீர் விடுக. பின்னர் மீண்டும் பாருங்கள். பிசையும்போது மூடியைத் திறப்பதால் கெடுதி ஒன்றுமில்லை.

மைதாவிற் பாதிக்குக் கோதுமை மாவு சேர்க்க விரும்புவோர் 20 முதல் 30 மில்லி லிட்டர் தண்ணீர் கூடுதலாக விட வேண்டும். தவிடு நீரை மிகுதியாகக் குடிக்கும்.

வெப்பத்தைப் பற்றியும் ஒரு சொல். நம் வீடுகளில் சாதாரணமாகவே 28 முதல் 32 செல்சியஸ் வரை வெப்பம் இருக்கிறது. பொறி பிசையும்போது உராய்வினால் மாவு மேலும் சூடாகும். ஆகையால் குளிர்ந்த தண்ணீரையே ஊற்றுக. பொறி தன் கடிகாரத்தின்படி ஒன்றரை மணி நேரம் காத்திருக்கும். ஈஸ்ட் அக்கடிகாரத்தைப் பார்ப்பதில்லை. மாவு இரண்டு மடங்கு ஆகிவிட்டால் மணி அடிக்குமுன்பே எடுத்துவிடலாம். விரலில் மாவு தொட்டுக்கொண்டு மெல்லக் குத்திப் பாருங்கள். குழி உடனே மறைந்தால் இன்னும் நேரம் ஆக வேண்டும். மெல்ல மெல்ல மேலெழும்பினால் பதம். குழி அப்படியே நின்று மாவு சரிந்து, கள்ளின் வாடை வீசினால் பதம் தப்பிவிட்டது. இட்டலி மாவு பொங்கி வழிவதைக் கண்டு பழகிய நம் தாய்மார்களுக்கு இக்குறிகள் புதியவை அல்ல.

இன்னும் சுவை வேண்டுவோர் மாவை எண்ணெய் தடவிய மூடிப் பாத்திரத்தில் இட்டு, ஓரிரவு குளிர்ப்பெட்டியில் வைக்கலாம். குளிரில் ஈஸ்ட் மெதுவாக வேலை செய்யும், மணம் ஏறும், மாவும் எளிதில் விரியும். நேப்பிள்சு நகரத்துப் பீட்சா வல்லுநர்கள் மிகச் சிறிதளவு ஈஸ்ட்டையே சேர்த்து, மாவைப் பல மணி நேரம் ஓய்வில் விடுகின்றனர். அவர்களுடைய கைத்திறனை 2017இல் யுனெசுகோ மனித குலத்தின் பண்பாட்டு மரபுகளுள் ஒன்றாகப் பதிந்தது.

மாவை நான்கு உருண்டைகளாக்குக. ஒவ்வொன்றும் ஏறத்தாழ 200 கிராம் வரும். மூடி வைத்து 15 நிமிடம் விட்டபின் விரல் நுனியால் நடுவிலிருந்து ஓரத்தை நோக்கித் தள்ளி விரிக்க வேண்டும். பூரிக்கட்டையால் உருட்டினால் உள்ளிருக்கும் காற்று வெளியேறிவிடும். விரிக்கும்போது சுருங்கிப் பின்வாங்கினால் அதனோடு மல்லுக்கு நில்லாதீர்கள், இன்னும் 10 நிமிடம் ஓய்வு கொடுங்கள், இணங்கும். நேப்பிள்சின் விறகுச் சூளையில் 485 செல்சியஸ் அளவு சூட்டில் 60 முதல் 90 நொடிக்குள் பீட்சா வெந்துவிடும். நம் வீட்டு மின் அடுப்பு 230 அல்லது 250 செல்சியஸ் எட்டினாலே பெரிது. அதில் 10 முதல் 12 நிமிடம் ஆகும். அடுப்பை முன்னரே நன்றாகச் சுடவைத்துக் கொள்க.

மின் அடுப்பு இல்லாதவர்கள் வருந்த வேண்டா. கனமான தோசைக்கல் போதும். விரித்த மாவை மிதமான சூட்டில் ஒருபுறம் வேகவிட்டுத் திருப்பிப் போட்டு, வெந்த பக்கத்தின்மேல் தக்காளிக் குழம்பும் காயும் பாலாடைக்கட்டியும் வைத்து, மூடி, தீயைத் தணித்தால் மேலே உருகும், கீழே மொறுமொறுக்கும்.

இனி, இதைக் குறித்து எழும் தடைகளுக்கு விடை கூறக் கடமைப்பட்டுள்ளேன்.

“அயல் நாட்டு உணவு நமக்கு எதற்கு?” என்பர் சிலர். நாம் நாள்தோறும் குழம்பில் இடும் மிளகாயும் தக்காளியும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து கடல் கடந்து வந்தவை. அவற்றை நீக்கிவிட்டுச் சமைக்க முன்வருவோர் இவ்வவையில் எவரும் இரார் என எண்ணுகிறேன்.

“பொறி வந்தால் பெண்கள் சோம்பிப்போவர்” என்பர் வேறு சிலர். இப்பேச்சை நாம் முன்பும் கேட்டதுண்டு. 1955இல் கோயம்புத்தூரில் சபாபதி என்பார் மாவரைக்கும் கல்லை மின்னோடியோடு பிணைத்தார். ஆட்டுக்கல்லின் முன் குந்தியிருந்த எத்தனை ஆயிரம் பெண்களின் முதுகை அது நிமிர்த்தியது! அப்போது மிஞ்சிய பொழுதில் பெண்கள் படித்தார்கள், பணிக்குச் சென்றார்கள், பிள்ளைகளைப் படிக்க வைத்தார்கள். உழைப்பைக் குறைப்பது சோம்பலை வளர்ப்பதாகாது. அன்றியும், சோம்பலைப் பற்றிக் கவலைப்படும் ஆடவர் தாமே ஒருநாள் அரைக்கிலோ மைதாவைக் கையால் 15 நிமிடம் பிசைந்து காட்டிய பின்னர் அவ்விவாதத்தைத் தொடரலாம்.

“மைதா உடலுக்கு ஆகாதே” என்பது மூன்றாவது தடை. இது சிந்திக்கத்தக்கது. மைதாவில் தவிடும் முளையும் நீங்கிவிடுவதால் நார்ச்சத்துக் குறைவு. அதை அன்றாட உணவாகக் கொள்ளலாகாது. ஆனால், வீட்டில் பிசைந்தால் கோதுமை மாவு கலக்க நமக்கு உரிமை உண்டு. உப்பையும் எண்ணெயையும் அளக்கும் கரண்டி நம் கையில் இருக்கிறது. ரொட்டி மாவைத் திடப்படுத்தச் சேர்த்துவந்த பொட்டாசியம் புரோமேட்டு என்னும் வேதிப்பொருளை இந்திய அரசின் உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2016இல் தடை செய்தது. அதுவரை அதை உண்டு வந்தோம் என்பதே நம்மிற் பலருக்குத் தெரியாது. தானே பிசைந்தவனுக்குத் தன் மாவில் என்ன இருக்கிறது என்பது தெரியும்.

நான்காவது தடை பொருட்செலவு. இது மெய்யே. மாதம் ஒருமுறை பீட்சா செய்யும் வீட்டுக்கு இப்பொறி தேவையில்லை, கையே போதும். வேண்டுமாயின் நாலைந்து குடும்பங்கள் சேர்ந்து ஒன்றை வாங்கிச் சுற்றுமுறையில் வைத்துக்கொள்ளலாம்.

இப்பொழுது ஒசாகா நகருக்கு மீள்கிறேன். பொறி நம் மாவைப் பிசைகிறது என்று சொல்கிறோம். மெய்யாகப் பிசைவது யார்? பெயர் அறியாத ஒரு ரொட்டிக்காரரின் கைத்திறனே அதற்குள் சுழல்கிறது. ஒரு பெண் ஓராண்டுக் காலம் அக்கையைக் கவனித்தாள்; அதனால் அது நிலைத்தது.

நம் வீடுகளிலும் அத்தகைய கைகள் உண்டு. வேலியில் உள்ள துணி வெளுக்கும் துறையில் நம் வண்ணார் பெருமக்கள் கஞ்சியின் பதத்தை விரலால் அறிகிறார்கள். மதுரையிலிருந்தும் நெல்லையிலிருந்தும் இங்கே வந்து சேர்ந்த நம் பாட்டிமார், இவ்வூர் ஈரக்காற்றுக்கு இட்டலி மாவில் எவ்வளவு உப்பை முன்னே இடுவது, எவ்வளவைப் பின்னே இடுவது, எந்த மாதத்தில் எத்தனை நாழிகை புளிக்கவிடுவது என்று தம் கையாலேயே கற்றார்கள். ஊரில் கற்றது இங்கே பொருந்தவில்லை. பத்துத் தரம் கெடுத்து, பதினோராம் தரம் தேறி, கண்டுகொண்டார்கள். அது எந்த நூலிலும் இல்லை. அவர்களைக் கேட்டால், “அதெல்லாம் கைக்குத் தெரியும் கண்ணு” என்பார்கள். அவர்களோடு அது போய்விடுமானால் மீட்க வழியில்லை. நம் பிள்ளைகள் மலையாளம் பேசிக் கடையில் பாக்கெட்டு மாவு வாங்கும் நாளில், அப்பாட்டி ஒருத்தி இருந்தாள் என்பதற்கே அடையாளம் இராது.

ஆகவே, இவ்வாண்டு விழாவில் சங்கத்தின் முன் இரண்டு வேண்டுகோள்களை வைக்கிறேன். ஒன்று, திங்களுக்கு ஒருமுறை நம் மன்றத்தில் மாவு பிசையும் வகுப்பு நடக்கட்டும். பொறியாலும் செய்யட்டும், கையாலும் செய்யட்டும். ஆண் பிள்ளைகள் தவறாது வரட்டும். நாளை வேலை தேடி வளைகுடாவுக்கும் வடநாட்டுக்கும் தனியே போகப்போகிறவர்கள் அவர்களே. பீட்சா என்றால் அழைக்காமலே வருவார்கள்.

மற்றொன்று, அதே வகுப்பில் பிள்ளைகள் பாட்டிமாரின் அருகே நின்று, கூடவே அரைத்து, கூடவே கரைத்து, கண்டதையெல்லாம் எழுதி வைக்கட்டும். அளவையும் எழுதட்டும், மாதத்தையும் எழுதட்டும், பாட்டியின் பெயரையும் எழுதட்டும். ஒசாகாவின் ரொட்டிக்காரருக்கு வாய்த்த மாணவி நம் பாட்டிமாருக்கும் வாய்க்க வேண்டும். அக்குறிப்புகள் அடுத்த ஆண்டு மலரில் அச்சேறுமாயின், அதனினும் பெரிய தமிழ்த் தொண்டு வேறு நான் அறியேன்.